அமிர்தகழிப் பையனை உலுக்கிய படங்களை எப்படி ரசிப்பது?

பாலு மகேந்திரா நம்மட ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் மட்டக்களப்பாருக்குத் தனிப் பெருமை. மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற அமிர்தகழியில் 1939இல் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். அவரைச் சினிமாவுக்கு இழுத்தது எது என்று கேட்டால் பலரும் கித்துள்கலைக் கதையைத்தான் சொல்வார்கள். பாடசாலைச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் 'மழை' என்று குரல் கொடுக்க மழை கொட்டுகிறது. பையன் அன்றைக்கே முடிவு கட்டிவிடுகிறான். அவரே சொன்ன கதை, அழகான கதை. ஆனால் மழையை வரவழைக்கும் ஆசை எந்தப் பையனுக்கும்தான் வரும். பாடசாலை நாட்களில் அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஒருவர் காட்டிய இரண்டு படங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன: 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'பதேர் பாஞ்சாலி'.

'நமக்கென்ன மனே' என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகும் பழக்கம் எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலும் உண்டு. இளசுகளிடம் இப்போது அது கொஞ்சம் கூடுதல். இந்த மாதிரி ஒரு படம் அதை அசைக்குமா? அசைக்கும். நாயகன் தனியாளாக நூறு பேரை அடித்து நியாயம் வாங்கித்தரும் படம் அல்ல. அங்கே நமக்கும் சேர்த்து அவரே கோபப்பட்டுவிடுகிறார். விசிலடித்துவிட்டு நாம் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கலாம்.

'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) கதை இரண்டு வரி. ரோம் நகரில் வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிள் களவு போகிறது. இதைத் தெரிந்துகொண்டே பாருங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. கண்ணை வைக்க வேண்டிய இடம் அடகுக்கடை. அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க மனைவி கட்டில் விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கடைக்காரன் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ராக்கையில் ஏறுகிறான், ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரை வரைக்கும் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒரு வீட்டுப் படுக்கை. இயக்குநர் டி சிகா ஒரு சொல் விளக்கம் தருவதில்லை. நுண்கடன் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைக்கு அந்த ராக்கையை விளக்க வேண்டியதும் இல்லை.

பிறகு தகப்பனை விட்டுவிட்டு மகன் புரூனோவின் முகத்தையே பாருங்கள். கடைசியில் தகப்பனே ஒரு சைக்கிளைத் திருடி, அகப்பட்டு, அடிவாங்குகிறான். கீழே விழுந்த தொப்பியைச் சின்னவன் எடுத்து வைத்துக்கொள்கிறான். இந்த இடத்தில் பின்னணி இசை கொஞ்சம் தூக்கல் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தொப்பி போதும்.

தகப்பனாக வருகிற லம்பெர்ட்டோ மஜ்ஜோரானி நிஜத்தில் தொழிற்சாலைத் தொழிலாளி. 1950இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்த சத்யஜித் ராய், பெயர்பெற்ற நட்சத்திரங்கள் இல்லாமல் ஒரு வங்காளக் கிராமத்தைப் படமாக்கலாம் என்ற துணிச்சலோடு ஊர் திரும்பினார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. ஒரு படம் ஓர் இளைஞனை உலுக்குவது என்றால் இப்படித்தான்: அவன் தன் ஊர்ப் பக்கம் முகத்தைத் திருப்புகிறான்.

'பதேர் பாஞ்சாலி' மெதுவாகப் போகிறது என்று முறைப்பாடு வரும். களரியைச் சுற்றியிருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்த சனத்தின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியாலம் பெரிதா என்ன! முடிவுக்குக் கிட்ட ஒரு காட்சி. அக்கா துர்க்கா செத்துப்போனாள். ஊரைவிட்டுப் போகச் சாமான் கட்டும்போது, அவள் திருடவில்லை என்று சாதித்த மாலை தம்பி அபுவின் கைக்கு வருகிறது. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மெல்ல மூடிக்கொள்கிறது. பிள்ளைகளோடு பார்த்தால் 'ஏன் எறிந்தான்?' என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாவதாக, பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பாட்டு இல்லை, சண்டை இல்லை. சொந்தமாக ஒரு வீடு கட்டப் படும் பாடுதான் படம். வீட்டுத்திட்டத்தில் அரைகுறையாய் நின்றுபோன சுவர்கள் நம் கிராமங்களில் எத்தனை! சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத வீட்டைத் தனியாக வந்து பார்க்கிற காட்சியில் யாரும் பேசக்கூடாது, தேநீரும் கொடுக்கக்கூடாது. அமிர்தகழியில் விழுந்த விதை சென்னையில் முளைத்த இடம் அது. பிற்காலத்தில் பாலு மகேந்திராவும் தன் 'சினிமா பட்டறை'யில் இளையவர்களுக்குச் சினிமா சொல்லிக்கொடுத்தார்.

படம் முடிந்தவுடன் கண்ணீர் விடுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அபிப்பிராயத்தையும் உடனே கேட்க வேண்டாம்; ஒரு இரவு போகட்டும். மறுநாள் இதைக் கேளுங்கள்: நம்மட வீதியில் அந்தச் சைக்கிள்காரன் யார்?

தொடங்க 'பைசிக்கிள் தீவ்ஸ்' நல்லது. ஒன்றரை மணித்தியாலம்தான். போனை அடுத்த அறையில் வையுங்கள். பதினாறு, பதினேழு வயதில் வீட்டில் பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அயல்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.