கருத்துப் பெட்டி இல்லாத இணையதளம்

ஒரு நீதிமன்றத் தீர்ப்பை நாவல் மாதிரி வாசிக்க முடியுமா? போன மாதம் 'ஸ்மித் எதிர் டோ' தீர்ப்பை அப்படித்தான் வாசித்தேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003 மார்ச்சில் அளித்தது. அதில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். அலாஸ்கா அரசின் இணையதளத்தில் குற்றவாளியின் பதிவுக்குக் கீழே மக்கள் கருத்து எழுத வசதி கிடையாது, எனவே அது அவமானப்படுத்தும் கருவி ஆகாது என்கிற பொருளில் எழுதிச் செல்கிறார் நீதிபதி ஆந்தனி கென்னடி. இணையதளம் கட்டிப் பிழைக்கிறவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இரண்டாம் வாசிப்பில் வரவில்லை.

கதை இதுதான். 1994இல் அலாஸ்கா, பாலியல் குற்றவாளிகளுக்கான பதிவேட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயர், படம், முகவரி, வேலை பார்க்கும் இடம், வண்டி விவரம் எல்லாம் பொதுவெளிக்கு வரும். கடுமையான குற்றமென்றால் ஆயுள் முழுக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே தண்டனை பெற்றவர்களையும் அது இழுத்துக்கொண்டது. வழக்குப் போட்ட குற்றவாளிகள் இருவரும் 1990லேயே சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள். ஒரு குற்றம் நடந்த பிறகு அதற்கான தண்டனையைக் கூட்டும் சட்டத்தை அமெரிக்க அரசியலமைப்பு தடுக்கிறது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: பதிவேடு தண்டனையா, வெறும் நிர்வாக ஏற்பாடா? ஆறு நீதிபதிகள் அலாஸ்காவின் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம்.

கென்னடியின் வாதத்துக்கு அச்சாணி ஓர் உவமை. இணையத்தில் பார்ப்பது, ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய குற்றப் பதிவைப் பார்ப்பது போலத்தான், கொஞ்சம் வசதி கூடுதல். உவமை பிசகுவது இங்கேதான். காப்பகத்தில் தூசிக்கும் ஒரு வேலை உண்டு. தேடிப் போகிறவருக்குக் காரணம் வேணும், பஸ் பிடிக்கணும், கவுண்டரில் நிற்கணும். தேடல் பெட்டி அந்தச் சிரமத்தைத் துடைத்துவிட்டது. தகவல் அதேதான், அது செய்யும் வேலை வேறு. கருத்துப் பெட்டியை அரசு வைக்க வேண்டியதே இல்லை. அடுத்த வருஷமே ஃபேஸ்புக் வந்துவிட்டது.

மாறுபட்ட தீர்ப்பில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் செய்தது எளிய காரியம். ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னார். வெளியே வந்தார், மறுமணம் செய்துகொண்டார், தொழில் தொடங்கினார், அவர் திருந்திவிட்டார் என்று ஒரு நீதிமன்றமே கண்டு மகள் ஒருத்தியை அவர் பொறுப்பில் விட்டது. பதிவேட்டுக்கு இது எதுவும் கணக்கில்லை. எவ்வளவு திருந்தினாலும் காலத்தைக் குறைக்க வழியில்லை. பெரும்பான்மைத் தீர்ப்பில் வகையாக இருந்தவர் இங்கே ஆளாக வருகிறார்.

இந்த இடத்தில் நான் நின்றேன். அந்த ஆள் சீரழித்தது தன் சொந்த மகளை. வழக்கில் அவள் கட்சிக்காரி அல்ல. எனக்கும் ஐந்து வயதில் பெண் இருக்கிறாள். அப்படி ஒரு பட்டியல் என் தெருவுக்கு இருந்தால் இன்றைக்கு ராத்திரியே தேடிப் பார்ப்பேன், பொய் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் என் பயத்துக்கு ஒரு நீதிபதி ஆதாரம் கேட்க வேண்டாமா? இவர்கள் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு அச்சமூட்டும் அளவுக்கு அதிகம் என்றது தீர்ப்பு. ஒரு வருஷம் முந்தைய இன்னொரு வழக்கிலிருந்து வந்த சொல் அது. 2015இல் ஆய்வாளர்கள் மேற்கோள்களைப் பின்தொடர்ந்து போனார்கள். 1986இன் ஒரு ஜனரஞ்சக உளவியல் பத்திரிகைக் கட்டுரையில் போய் முடிந்தது. அங்கே தரவு இல்லை, 80 சதவீதம் என்ற எண் மட்டும் இருந்தது. எங்கள் வேலையில் இப்படி ஒரு எண்ணை நிரலில் போட்டால் அன்றே பிடிபடும்.

2008இல் அலாஸ்காவின் உச்ச நீதிமன்றமே, தன் மாநில அரசியலமைப்பின்படி, பழைய குற்றங்களுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்றது. 2016இல் மிச்சிகனின் பின்னாளைய திருத்தங்களை, பள்ளிக்கு 1000 அடிக்குள் வசிக்கவோ வேலை பார்க்கவோ கூடாது என்பது உட்பட, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனை என்றே பார்த்தது.

பதிவேடே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு ஒருவர் அபாயம் என்றால் விசாரித்து, அவரைக் கேட்டு, முடிவு சொல்லட்டும். விசாரிக்காமல் பழைய தீர்ப்பின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ப்பதுதான் உறுத்துகிறது. கென்னடி தேடிய கருத்துப் பெட்டி அந்த வரிதான். அதில் எழுதியது அரசு.