காளையில்லாத ரிஷபவாகனர்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கும் ரிஷபவாகனர், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவெண்காட்டுக் கோயிலுக்கென வார்க்கப்பட்ட சோழர் செப்புத்திருமேனி. நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்து கிடைத்தது. சிவன் சாய்ந்து நிற்கும் காளை உடனில்லை. ஆனாலும் மடங்கி நீண்ட கை அதன் மேல் படிந்திருப்பதாகவே கண் நம்புகிறது. பாம்புகள் பின்னிய சடைமுடி தலைப்பாகைபோல் சுற்றியிருக்கிறது. கோயிலில் பட்டும் மாலையும் மூடிவிடும் இந்த உடல்வளைவு கூடத்தில்தான் முழுதாகத் தெரியும். அதற்கு விலையாகத் தீபமும் புறப்பாடும் போயின, பெரிய இழப்புதான்.

இதற்கு மாறாக, இத்தாலியில் பல படைப்புகள் தேவாலயத்திலேயே நிலைத்தன, அல்லது அங்கேயே திரும்பின. ரோமின் புனித லூயி ஆலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த ‘மத்தேயுவின் அழைப்பு’ 1600 முதல் அங்குள்ள சிற்றாலயத்திலேயே இருக்கிறது. வெனிஸில் டிஷியனின் ‘மரியாளின் விண்ணேற்பு’, அருங்காட்சியகத்தில் நூறாண்டு இருந்து, 1919இல் ஃப்ராரி ஆலயத்தின் பீடத்துக்கே திரும்பியது.