குண்டு என்றொரு சொல்

கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்தில் பள்ளிகளுக்கான போட்டி நடக்கும்போது கூட்டம் எங்கே நிற்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஓட்டப்பாதையின் முடிவுக்கோட்டில். குண்டு எறிதல் நடக்கும் மூலையில் ஒரு பி.டி. சார், ஒரு டேப், சுண்ணாம்புக் கோடுகள், தன் முறைக்குக் காத்திருக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள். அவ்வளவுதான்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி அந்த மூலையைச் சேர்ந்தவள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘குண்டு போடுற குண்டு’. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பத்தாவதில் அவள் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பப்ளிக் எக்ஸாம் என்று காரணம் சொன்னாள். நாங்களும் நம்பிக்கொண்டோம்.

2023 செப்டம்பர் 29. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. மீரட்டைச் சேர்ந்த கிரண் பாலியான் 17.36 மீட்டர் எறிந்து வெண்கலம் வென்றார். பெண்கள் குண்டு எறிதலில் இந்தியாவுக்கு ஆசியப் போட்டியில் இதற்கு முன் பதக்கம் கிடைத்தது 1951-ல், டெல்லியில் நடந்த முதல் போட்டியில், பார்பரா வெப்ஸ்டர் மூலமாக. நடுவில் 72 வருடம். ஆபீஸில் ஒரு பில்ட் ஓடி முடிவதற்காகக் காத்திருந்தபோது போனில் இதைப் பார்த்தேன். வீடியோவைத் தேடி நாலு தடவை பார்த்துவிட்டு, பல வருடங்களாகப் பேசாத அந்தத் தோழிக்கு அனுப்பினேன்.

ஒரே ஒரு கேள்விதான் திரும்பி வந்தது. “கிளைடா, ஸ்பின்னா?”

எனக்குத் தெரியவில்லை. நாலு தடவை பார்த்தும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. தூரத்தைப் பார்த்தேன், கொடியைப் பார்த்தேன், எறிந்தவரின் உடம்பு என்ன செய்தது என்று பார்க்கவில்லை. நம் பார்வையில் இருக்கும் கோளாறு இதுதான் என்று தோன்றுகிறது.

2.135 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். 4 கிலோ இரும்பு. கழுத்தோடு ஒட்டிய குண்டைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. எறிந்த பிறகு வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். இந்தச் சிறைக்குள் இரண்டு வழிகள் உண்டு. முதுகைக் காட்டிக் குனிந்து, ஒற்றைக்காலில் பின்னோக்கிச் சறுக்குவது கிளைட். வட்டு எறிவதுபோலச் சுழன்று வருவது ஸ்பின். இரண்டிலும் விசை பாதத்தில் பிறந்து, இடுப்பில் திரும்பி, தோளுக்கு ஏறி, கடைசியாக விரலுக்கு வருகிறது. நாங்கள் கேலி செய்த அந்த எடைதான் இங்கே கருவி. வீணைக்குக் குடம் போல.

தமிழில் இந்த உடம்பைப் பார்க்க நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2019-ல் வந்த அட்லியின் ‘பிகில்’ பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிய படம். அதில் பயிற்சியாளரான நாயகன், ஒரு வீராங்கனையின் பருமனைச் சொல்லி ஆட்டத்தின் நடுவே சீண்டுகிறான். அவள் கோபப்பட்டு நன்றாக ஆடுகிறாள். உசுப்பேற்றத்தானே சொன்னான் என்று படத்துக்காக வாதாடலாம். ஆனால் அந்தக் காட்சிக்கு வேண்டியிருப்பது அவளுடைய அவமானம். அவள் கற்ற வித்தைக்கு அங்கே வேலையே இல்லை. அவமானப்படுத்தினால் பெண் ஜெயிப்பாள் என்று தியேட்டர் கைதட்டுகிறது. என் தோழியின் விஷயத்தில் நடந்தது நேர் எதிர்.

கடலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் சிதம்பரம். ஊரின் எல்லையில் தில்லைக்காளி கோயில். கதை தெரிந்ததுதான். நடனப் போட்டியில் சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கினார். பெண் என்பதால் காளி நாணி நின்றுவிட, தோல்வி அவளுக்கு. திருவாலங்காட்டிலும் இதே கதை உண்டு. அவளால் முடியாமல் போனதாகக் கதை சொல்லவில்லை, கூச்சம் தடுத்தது என்கிறது. ஆனால் அதே சிதம்பரத்தில் நடராஜர் கோயில் கோபுர வாசலின் உள்சுவர்களை நின்று பாருங்கள். நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களையும் அங்கே ஆடிக்காட்டுவது ஒரு பெண். நெற்றிவரை காலை உயர்த்தும் லலாடதிலகமும் அந்த 108-ல் ஒன்று. கதை தடுத்ததைக் கல் அனுமதித்திருக்கிறது.

ஒலிம்பிக்கின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். ஆண்கள் குண்டு எறிதல் 1896-லேயே இருந்தது. பெண்களுக்கு 1948 வரை இடமில்லை. அந்த லண்டன் போட்டியில் முதல் தங்கத்தை வென்ற பிரான்சின் மிஷெலின் ஓஸ்டர்மேயர், பாரிஸ் கன்சர்வேட்டரியில் படித்த பியானோ கலைஞர். வட்டு எறிதல் தங்கமும் அவருக்கே. பியானோ கட்டைகளைத் தொட்ட விரல்களும் குண்டைக் கடைசியாகத் தள்ளிய விரல்களும் ஒன்றுதான். கலை இங்கே, பலம் அங்கே என்று நாம் கோடு கிழித்தால் அவரை எந்தப் பக்கம் நிறுத்துவது?

கிரணின் எறிதலைக் காவியமாக்க வேண்டிய அவசியம் இல்லை. தங்கம் வென்ற சீனாவின் கோங் லிஜியாவ் அவரைவிட 2 மீட்டருக்கும் மேல் எறிந்தார். 1987-ல் நதாலியா லிசோவ்ஸ்கயா எறிந்த 22.63 மீட்டர்தான் இன்றும் உலக சாதனை. தூரம் தூரம்தான், டேப் பொய் சொல்லாது. ஆனால் அந்த மூலைக்குப் போய் நின்று பார்க்க ஆளே இல்லாத ஊரில், 72 வருட இடைவெளிக்கு உடல்வலுவை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

தோழிக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. வீடியோவை ஐந்தாவது தடவை, இந்த முறை கால்களை மட்டும் பார்க்க வேண்டும். அந்தப் பட்டப்பெயருக்காக அவளிடம் நான் மன்னிப்பு கேட்டதும் இல்லை. பதிலோடு சேர்த்து அதையும் எழுத வேண்டும். எதை முதலில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.