பிள்ளை மடுவம் கைவிட்ட பிறகு: மஸ்கெலியாவும் மூணாறும்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் தாய், காலையில் கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுகிறாள். அங்கே தொட்டில் உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. தோட்டத்துக்குப் பெண்ணின் கை வேண்டும் என்பதற்காக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. நோக்கம் எதுவாயிருந்தாலும் தாய்க்குப் பகல் நேரம் கிடைத்தது. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் மடுவத்தின் பொறுப்பு முடிகிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. நடக்க முடியாத, பேச்சு வராத, தானாகச் சோறு உண்ணத் தெரியாத பிள்ளைக்கும் அதே ஐந்து வயதுதான் எல்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது? மலையகத்தில் இதற்குப் பொதுவான ஏற்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தனக்கு முடிந்தபடி சமாளிக்கிறது.

அந்தச் சமாளிப்பைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பெருமூளை வாதம் உள்ள பதினாறு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். அம்மா நாலரைக்கு எழும்பி, ரொட்டி தட்டி, அவனைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து ஊட்டுகிறாள். மெல்ல மெல்லத்தான் ஊட்ட வேண்டும், அவசரப்பட்டால் புரையேறும். உடம்பு துடைத்து, துணி மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கண் மங்கிய அப்பாயியின் பொறுப்பில் விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு ஓடுகிறாள். மத்தியானம் கொழுந்து நிறுத்ததும் மற்றவர்கள் தேத்தண்ணிக்கு உட்காருவார்கள். இவள் தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு இறங்கி, பையனைப் புரட்டிவிட்டு, நனைந்த துணியை மாற்றிவிட்டுத் திரும்ப மலை ஏறுகிறாள். அதில் போகும் நேரம் மாலையில் தராசில் தெரிகிறது. குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பெயர், அதாவது அரை நாட் சம்பளம். பையனுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குப் பெயரே இல்லை.

இதே தேயிலை, இதே லயம், கிட்டத்தட்ட இதே பேச்சு உள்ள இன்னொரு மலை கேரளத்தின் மூணாறு. அங்கே கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த தமிழர். அங்கே 1991 இல், டாடா தேயிலைக் கம்பனியின் ஆதரவில், தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக ‘சிருஷ்டி’ என்ற அமைப்பு உருவானது. அதைத் தொடங்கியவர் ரத்னா கிருஷ்ணகுமார். முதலில் ‘டேர்’ என்ற பள்ளி. பள்ளிப் பருவம் முடிந்த பிள்ளை திரும்பவும் லயத்து அறையான காம்பராவுக்குள்ளே முடங்கக் கூடாது என்று, அடுத்தடுத்துத் தொழிற்கூடங்கள் வந்தன. ‘அதுல்யா’வில் கையால் காகிதம் செய்கிறார்கள். ‘ஆரண்யா’வில் இலை, பட்டை, தேயிலைக் கழிவு போன்றவற்றிலிருந்து எடுத்த சாயத்தைத் துணியில் ஏற்றுகிறார்கள். பேக்கரி உண்டு, ஸ்ட்ராபெரி ஜாம் செய்யும் பகுதி உண்டு. 2005 இல் தோட்டங்கள் தொழிலாளர்களே பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பனியின் கைக்கு மாறிய பிறகும் சிருஷ்டி நின்றுவிடவில்லை.

சாயத் துணியின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, தாய் மலையில் நிற்கும் நேரமும் பிள்ளை பட்டறையில் இருக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான். அவள் முழுப் பெயரோடு வீடு திரும்புகிறாள். மகளும் தன் உழைப்புக்கான காசைக் கையில் வைத்திருக்கிறாள். பராமரிக்கிறவருக்கான உதவி என்று தனியாக ஒரு திட்டம் அங்கே தேவைப்படவில்லை. பிள்ளைக்குச் செய்ததே தாய்க்கும் போய்ச் சேர்ந்தது.

மஸ்கெலியாவுக்குக் கிடைப்பது வேறு வகை உதவி. இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பேசுகிறது. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007 மார்ச்சில் கையொப்பமிட்டது. அதை ஏற்று உறுதிப்படுத்த 2016 வரை எடுத்தது. இந்தியா 2007 ஒக்டோபரிலேயே உறுதிப்படுத்திவிட்டது. நடைமுறையில் குடும்பத்தின் கைக்கு வருவது மாதாந்தக் கொடுப்பனவு. அது 2025 இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. கூட்டியது நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் 10,000 ரூபா ஏழு நாட் பெயருக்குச் சற்று மேல். பையனைப் பார்ப்பதற்காகத் தாய் வேலையையே விட்டால் இழப்பது மாதம் இருபது நாட் பெயர், அதோடு ஊழியர் சேமலாப நிதியும் போய்விடும். ஆகவே பெரும்பாலும் அவள் வேலையை விடுவதில்லை. பையன் அப்பாயியோடுதான் இருக்கிறான். இல்லாவிட்டால் அக்கா படிப்பை நிறுத்துகிறாள். கொடுப்பனவு அரிசி மாவுக்குக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கொடுப்பனவை வாங்கவும் நடக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம், வைத்தியரின் சான்று, சமூக சேவை உத்தியோகத்தரின் விசாரணை. நெடுங்காலமாக மஸ்கெலியா மக்களுக்குரிய பிரதேச செயலகம், ஹட்டனையும் தாண்டிக் கினிகத்தேனையில் இருந்த அம்பகமுவ செயலகம்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேல் சனத்தொகை கொண்ட பிரிவு அது. ஒரு கையொப்பத்துக்காக ஒரு நாட் பெயர் போகும். படிவம் சிங்களத்தில் இருந்தால் அதை வாசித்துச் சொல்ல இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவருக்கும் அன்றைய பெயர் போகும்.

மூணாற்றை மட்டும் வைத்து இந்தியாவை அளந்துவிட முடியாது. கம்பனியின் நல்ல மனதில் நிற்கும் சேவை, கம்பனி மாறினால் ஆடும். அங்கே வீடும் வேலையோடு கட்டுண்டது. ஓய்வுபெற்ற குடும்பம் லயத்தை விட்டு ஊர் திரும்ப வேண்டும், பட்டறையில் வேலை பார்த்த மகனும் கூடவே போக வேண்டும். மலையிறங்கித் தென்காசிக்குப் போனால் மாநிலமே வேறு, உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒரு விடயத்தில் மஸ்கெலியாக் குடும்பம் சற்றுத் தேவலை. ஓய்வுபெற்ற அப்பாயி லயத்திலேயே இருக்கிறார், அவர் இருப்பதால்தான் பையனுக்குப் பகலில் ஆள் இருக்கிறது. அதே லயத்துக் காம்பராவின் படியும் குறுகிய வாசலும் சக்கர நாற்காலியை உள்ளே விடுவதில்லை என்பது வேறு துயரம்.

கேரளத்தில் கம்பனியை நம்பாத வழியும் ஒன்று இருக்கிறது, நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது அதைத்தான். 2004 இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூர் பஞ்சாயத்து, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ‘பட்ஸ்’ என்ற பள்ளியைத் தொடங்கியது. குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் துணையோடு அது மாநிலமெங்கும் பரவி, இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட பட்ஸ் நிலையங்கள் இயங்குகின்றன. பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்குத் தனி மறுவாழ்வு நிலையங்களும் அவற்றில் அடக்கம். நடத்துவது உள்ளூராட்சி மன்றம். தாய் தன் வட்டாரத்து உறுப்பினரிடமே போய், நிலையம் ஏன் இன்று திறக்கவில்லை என்று கேட்கலாம். படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் பார்ப்பவருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 ரூபாயும் கேரளம் வைத்திருக்கிறது. இரண்டு நாட் கூலிக்குக்கூட அது காணாது. ஆனால் பராமரிக்கிறவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அரசு தன் ஏட்டில் எழுதிவைத்திருக்கிறது.

மஸ்கெலியாவில் உள்ளூராட்சி மன்றம் இதைச் செய்திருக்க முடியுமா? 2018 வரை சட்டமே குறுக்கே நின்றது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களைச் சபையின் செலவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. தோட்ட மக்கள் வாக்குப் போட்டார்கள், உறுப்பினர்களைத் தெரிவுசெய்தார்கள். அந்த உறுப்பினர் தோட்டத்துக்குள் ஒரு படிக்கட்டுக் கட்டுவதற்கும் துரையின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுதான் பெரிய அம்பகமுவ சபையிலிருந்து பிரிந்து மஸ்கெலியாவுக்கென்று தனிப் பிரதேச சபையும் இயங்கத் தொடங்கியது. முப்பது ஆண்டுத் தடை நீங்கியதும் எல்லோரும் கேட்டது பாதையும் விளக்கும்தான். அவை தேவைதான். அந்தப் பட்டியலில் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றும் ஏறியிருக்க வேண்டும்.

தமிழ்நாடு வேறு திசையில் போயிருக்கிறது. அங்கே சேவை வீடு தேடி வருகிறது. 2021 ஓகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டம், ‘விழுதுகள்’ என்ற பெயரில் பல சிகிச்சைகளையும் ஒரே கூரையின் கீழ்த் தரும் மையங்களைத் திறந்து வருகிறது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே வழி காட்டியது தென்காசி ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம். கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975 இல் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ச. ராமகிருஷ்ணன் 1981 இல் அதைத் தொடங்கினார். தசைநோய் உள்ள கணக்காய்வாளர் சங்கர ராமன் பிற்பாடு அவரோடு சேர்ந்தார். அவர்களின் களப்பணியாளர் கிராமத்துக்குப் போய்ப் பாட்டிக்கும் தாய்க்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுக்கிறார்கள், கைப்பேசிச் செயலியில் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பதிகிறார்கள். சென்னையின் வித்யாசாகரை 1985 இல் தொடங்கிய பூனம் நடராஜனும் பெருமூளை வாதம் உள்ள மகனின் தாய்தான்.

இந்த வரலாறு எனக்கு ஒன்றை உறுத்தலோடு உணர்த்துகிறது. இந்தியாவின் சிறந்த சேவைகள் சில பாதிக்கப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரின் தாயும் தொடங்கியவை. அவர்களுக்குப் படிப்பு இருந்தது, கூட்டம் கூட்ட நேரம் இருந்தது. மஸ்கெலியாத் தாய்க்கும் அந்த அறிவு உண்டு. புரையேறாமல் ஊட்டும் விதத்தையும், எந்தப் பக்கம் படுத்தால் புண் வராது என்பதையும் அவள் யாரிடமும் படிக்காமலே அறிந்திருக்கிறாள். அந்த அறிவைச் சங்கமாக்கும் பகல் நேரம் அவளுக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. நுவரெலியாவில் 1988 முதல் மென்காஃபெப் என்ற அமைப்பு இத்தகைய பிள்ளைகளுக்காக உழைக்கிறது. மலையகத்தில் இது முடியாத காரியம் என்று சொல்வோருக்கு அதுவே பதில். ஆனால் மஸ்கெலியாவிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போய் வருவதற்குள் ஒரு நாள் முடிந்துவிடும்.

இலங்கையிடம் ஒரு பலம் உண்டு, அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. கர்ப்பிணியின் வாசலுக்கும் பிறந்த பிள்ளையின் தொட்டிலுக்கும் குடும்பநல உத்தியோகத்தர் வருகிறார். பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் பதிகிறார். தலை நிற்க வேண்டிய மாதத்தில் நிற்கவில்லை என்பதை முதலில் கவனிக்கக்கூடியவர் அவர்தான். அரச வைத்தியசாலையில் காசு கேட்பதில்லை. இந்தியாவில் இதே பிள்ளைக்கு ‘நிராமயா’ காப்புறுதியில் பெயர் சேர்த்து, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஈடுசெய்யும் ஏற்பாடு வேண்டியிருக்கிறது. நம் குறை கண்டுபிடித்ததற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் நடக்கிறது. தமிழில் பயிற்சி தரக்கூடியவர் மலையகத்துக்கு வருவது அரிது. பிள்ளைக்கு முதற்சொல் வரவேண்டிய மொழியில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

பெற்றோருக்குப் பிறகு என்ற பயத்துக்கும் இந்தியா ஒரு சட்ட வழி வைத்திருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு, பதினெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்குச் சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். லயத்துத் தாய்க்கு அப்படிப் போய்க் கேட்க ஒரு மேசை இங்கே இல்லை. ‘எனக்கு முன்னுக்கு இவன் போயிரணும்’ என்று தாய்மார் சாமி கும்பிடும் பேச்சு லயங்களுக்குப் புதிதல்ல. அந்த வேண்டுதலைக் கேட்டுவிட்டு ஒரு சமூகம் சும்மா இருக்கக் கூடாது.

தோட்டத்தில் பதிந்து வேலைசெய்வோர் தொகை குறைந்ததால், பிள்ளை மடுவங்களில் தொட்டில்கள் காலியாகக் கிடக்கும் பிரிவுகள் உண்டு. கட்டடம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, காலையில் திறந்து மாலையில் மூடும் பழக்கம் இருக்கிறது. வாசலில் ஒரு சாய்தளம், கழிவறையில் பிடிகம்பி, பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள், வாரம் ஒருமுறை வந்துபோகும் இயன்முறைச் சிகிச்சையாளர். இதற்குத் தோட்டக் கம்பனி கட்டடத்தைத் தர வேண்டும், பிரதேச சபை சம்பளத்தை ஏற்க வேண்டும், மாகாணச் சுகாதாரத் திணைக்களம் ஆளை அனுப்ப வேண்டும். மூன்றில் யாருடைய வேலை என்ற இழுபறியில்தான் இதுவரை காலம் போனது. 33 ஆம் பிரிவு திருத்தப்பட்ட பின் சபை முதலில் கையை நீட்டுவதற்குச் சட்டத்தில் தடையில்லை. மஸ்கெலியாப் பிரதேச சபை தன் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு மடுவத்துக்காவது பணம் ஒதுக்கித் தொடங்கலாம்.