முந்தின நிலையம் எது? நிலத்தடி மெட்ரோவில் கேட்ட ஒரு சொல்

நூலுக்கும் நாடகத்துக்கும் திறனாய்வு எழுதுவதுண்டு. ரயில் நிலையத்துக்கு எழுதுவதுண்டா என்று இம்மலரின் வாசக அன்பர்கள் கேட்கலாம். நிலத்துக்கு மேலே இருக்கும் நிலையத்துக்குத் தேவையில்லைதான். நிலத்தடி நிலையத்தின் கதை வேறு. அங்கே ஊர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெயர்ப்பலகையும் ஒலிபெருக்கியும் என்ன சொல்கின்றனவோ அதுதான் ஊர். ஆகவே அந்தச் சொற்களைக் கவிதையைப் படிப்பதுபோலக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தை.

ஜோகுபாளையத்திலிருந்து நாங்கள் நடந்துபோய் மெட்ரோ ஏறுவது அல்சூர் நிலையத்தில். பையப்பனஹள்ளி முதல் எம்.ஜி. ரோடு வரையிலான அந்தப் பாதைதான் 2011 அக்டோபர் 20 அன்று பெங்களூரில் முதன்முதலாக ஓடத் தொடங்கியது. தூண்களின்மேல் செல்லும் பாதை. எம்.ஜி. ரோடு தாண்டியதும் ரயில் மெல்ல இறங்கி மண்ணுக்குள் புகும். கப்பன் பார்க், விதான சௌதா, சென்ட்ரல் காலேஜ், மெஜஸ்டிக், சிட்டி ரயில் நிலையம் என்று ஐந்து நிலையங்கள் பூமிக்கு அடியில். இந்தப் பகுதி திறக்கப்பட்டது 2016 ஏப்ரல் இறுதியில். உள்ளே நுழைந்ததும் ஜன்னல் கண்ணாடியில் தெரிவது நம் முகம் மட்டுமே.

திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை தும்கூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடிக்க வேண்டும். "சென்ட்ரல் காலேஜுக்கு அடுத்தது மெஜஸ்டிக், அங்கே இறங்கிடுங்க அத்தை" என்று சொல்லி அல்சூரில் ஏற்றிவிட்டேன். சற்று நேரத்தில் போன் வந்தது.

"ஏம்பா, மேல ஏறி வந்து பாத்தா பஸ் ஸ்டாண்டையே காணோமே!"

"எங்க எறங்குனீங்க?"

"மெஜஸ்டிக்லதான். முந்தின ஸ்டேஷன் சென்ட்ரல் காலேஜுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. அப்ப வந்து நின்னது மெஜஸ்டிக்தானே?"

அவர் இறங்கியது சென்ட்ரல் காலேஜில். ஒலிபெருக்கி சொன்னது 'முந்தின நில்தாண'. கன்னடத்தில் அதற்கு அடுத்த நிலையம் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது கடந்துபோன நிலையம்! இதில் யார்மீதும் குற்றமில்லை. அறிவிப்பும் சரி, அத்தையின் தமிழும் சரி. மேலே ஓடும் பாதையாக இருந்தால் வெளியே பார்த்துக் கண் காதைத் திருத்தியிருக்கும். சுரங்கத்துக்குள் அந்த உதவி இல்லை.

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது அபர்ணாவின் குரலில். கன்னடத் தொலைக்காட்சித் தொகுப்பாளராகப் புகழ்பெற்ற அவர் 2024 ஜூலை 11 அன்று காலமானார். எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கேட்கக்கூடிய, அவசரமில்லாத உச்சரிப்பு அவருடையது. ஆண்டுக்கணக்கில் அந்தக் குரலைக் கேட்டும் 'முந்தின' என்ற சொல்லை நான் யோசித்ததே இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்ததால் எனக்கு இரண்டு பொருளும் பழக்கம். வெளியூரிலிருந்து வந்தவர் இடறிய பிறகுதான் கல் கண்ணில் பட்டது.

இப்போது சொல்லுக்கு வருவோம். கன்னடத்தில் 'முந்தின வார' என்றால் அடுத்த வாரம். தமிழில் 'முந்தின வாரம்' என்றால் போன வாரம். எதிர்ச்சொல்லைப் பாருங்கள். 'ஹிந்தின வார' என்றால் அங்கே போன வாரம். தமிழின் பகரம் கன்னடத்தில் பல இடங்களில் ஹகரமாகும் என்பது தெரிந்ததே. பால் ஹாலு ஆகும், பத்து ஹத்து ஆகும். அந்தக் கணக்கில் 'ஹிந்தின' என்பது நம் 'பிந்தின'தான். நமக்கோ பிந்தியது என்றால் பிறகு வருவது. இரண்டு சொற்களும் இரு மொழிகளுக்கும் சொந்தம். பொருள் மட்டும் இடம் மாறி நிற்கிறது.

ஏன் இப்படி? முன் என்ற வேருக்கு முகத்துக்கு எதிரே இருப்பது என்பது அடிப்படைப் பொருள். வழிநடப்பவனுக்கு முகத்துக்கு எதிரே இருப்பது இனி வரப்போகும் இடம். வரிசையில் நிற்பவனுக்கு எதிரே இருப்பவர் தனக்கு முந்தி வந்தவர். 'முந்தின' என்பதைக் கன்னடம் நடப்பவனின் பார்வையில் எடுத்துக்கொண்டது. தமிழ் வரிசையில் நிற்பவனின் பார்வையில் எடுத்துக்கொண்டது. ஆனால் இதை வைத்து இரு மொழிகளையும் எதிரெதிராக நிறுத்திவிட முடியாது. நாமும் 'முன்னேற்றம்' என்கிறோம், 'முன்னோர்' என்றும் சொல்கிறோம். கன்னடத்திலும் 'முஞ்செ' என்றால் முன்பு என்றுதான் பொருள். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் காட்டிய உறவை நாம் மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். ரயிலில் அது நம்மைத் தொட்டால் அடையாளம் தெரிவதில்லை. கதவு 'பாகிலு', அது நம் வாயில். வலப்பக்கம் 'பல', இடப்பக்கம் 'எட', திறப்பது 'தெரெ'. நாம் அல்சூர் என்று சொல்லும் ஊரின் பெயரே பலகையில் 'ஹலசூரு'. ஹலசு என்றால் பலா.

பாராட்டியாயிற்று. குறையும் சொன்னால்தானே திறனாய்வு? மேலே உள்ள அல்சூரும் டிரினிட்டியும் இடத்தின் பெயர்கள். கீழே போனதும் பெரியோர் பெயர்கள் முன்னால் வருகின்றன: அம்பேத்கர், விசுவேசுவரய்யா, நாடபிரபு கெம்பேகௌடர், சங்கொள்ளி ராயண்ணா. இவர்களுக்குச் செய்யும் மரியாதையில் யாருக்கும் மறுப்பில்லை. சென்னையிலும் சென்ட்ரல் மெட்ரோ 2020இல் எம்.ஜி.ஆர். பெயரைப் பெற்றது. ஆனால் வெளியே பார்க்க வழியில்லாத இடத்தில் பயணி தேடுவது இடத்தின் பெயரை. அது நீண்ட பெயரின் கடைசியில் வால்போலத் தொங்குகிறது. இடப்பெயர் முதலில், பெரியவர் பெயர் அடுத்து என்று அறிவித்தால் பயணிக்கும் நல்லது, பெரியவருக்கும் குறைவில்லை.

மெஜஸ்டிக் என்பதும் ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர்தான். அதற்கும் முன்னால் அங்கே தர்மாம்புதி என்ற ஏரி இருந்தது. நீர் வற்றிய அந்த ஏரிப் படுகையில்தான் பஸ் ஸ்டாண்டு எழுந்தது. அரசர் பெயரும் கொட்டகையின் பெயரும் நிலையத்துக்குக் கிடைத்தன. தண்ணீரின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

தமிழிலும் அறிவித்திருந்தால் அத்தை தவறியிருக்க மாட்டாரே என்று நண்பர் ஒருவர் கேட்டார். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. அங்கே ரயிலில் தமிழ் கேட்கிறது. இங்கே நிலை வேறு. 2017இல் நிலையப் பலகைகளில் இந்தி இருந்ததற்கு எழுந்த எதிர்ப்பையும், பிறகு அது நீக்கப்பட்டதையும் பார்த்தோம். தாய்மொழிக்காக ஒருவர் குரல் கொடுக்கும் வலி நமக்குத் தெரியாததா? அந்தப் பலகையில் நம் எழுத்தும் வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். நான் கேட்பது நம்மைத்தான். என் தலைமுறையில் பலர் கன்னடம் சரளமாகப் பேசுவோம், பலகையைப் படிக்கச் சொன்னால் ஆங்கிலத்தைத் தேடுவோம். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்தும் வராது. வீட்டில் இரண்டு உறவுமொழிகள் இருந்தும் இரண்டையும் மூன்றாவது மொழியின் எழுத்தில் படிக்கிறோம்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு தமிழ் வகுப்பில் கன்னட எழுத்தையும் பக்கத்துப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். தமிழ் கற்கும் பிள்ளைக்குப் பாதிச் சொற்கள் இலவசமாகக் கிடைக்கும். கன்னடம் அறிந்த பிள்ளைக்குத் தமிழ் எளிதாகும்.

அடுத்த முறை அத்தை வந்தபோது நானும் கூடவே போனேன். கப்பன் பார்க் தாண்டியதும் ஒலிபெருக்கி பேசியது. "முந்தினன்னா இனிமே வரப்போறது, அதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப நாமதான்பா இவ்வளவு நாளா திரும்பி உக்காந்திருந்தோம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.