புளிக்கும் தொட்டி, பசிக்கும் கீரை

நைட்ரைட் சோதனைக் குழாய் ஊதாவிலிருந்து வெளிர்நீலத்துக்குத் திரும்பும் ஒரு காலை வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே ஓர் அக்வாபோனிக்ஸ் தொட்டி கட்டலாம். மீன் அப்புறம், கீரை அதற்கும் அப்புறம். ஐந்து மில்லி தண்ணீர், ஐந்து சொட்டு மருந்து, ஐந்து நிமிடக் காத்திருப்பு. இந்த மூன்றும் சேர்ந்து தரும் பரபரப்பை எந்தத் திரில்லர் படமும் எனக்குத் தந்ததில்லை.

இடம் சென்னை, எங்கள் மொட்டைமாடி. 1000 லிட்டர் தொட்டி ஒன்று, அதில் கொளத்தூரில் வாங்கிய கோய் கெண்டைகள். பக்கத்தில் இரண்டு சதுர மீட்டருக்குக் கருங்கல் ஜல்லி நிரப்பிய பாத்தி. மோட்டார் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றும். நிறைந்ததும் பெல் சைஃபன் ஒரு பெரிய உறிஞ்சலோடு மொத்தத்தையும் தொட்டிக்கே இறக்கிவிடும். மண் இல்லை, உரமூட்டை இல்லை. பாலக்கும் சிறுகீரையும் புதினாவும் ஜல்லிக்குள் வேர்விட்டுத் தளதளவென்று நிற்கின்றன. இதைப் பற்றி நான் வாயைத் திறந்தால் வீட்டில் ஆளுக்கொரு வேலை நினைவுக்கு வந்து எழுந்துபோய்விடுகிறார்கள். வாசகரே, நீங்கள் வசமாக மாட்டிக்கொண்டீர்கள்.

மீன் தின்னும் தீவனத்திலுள்ள புரதத்தில் கணிசமான பங்கு, செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. அது மீனுக்கே விஷம். ஜல்லியில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷம்தான்; மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சை முட்டவைக்கும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அதுதான் கீரைக்குச் சோறு. இந்த இரண்டு கட்டத்துக்கும் தனித்தனி உயிரிகள் என்பதை 1890-ஐ ஒட்டி செர்கெய் வினோகிராத்ஸ்கி கண்டுசொன்னார். நூறு வருடத்துக்கு மேல் அதுவே பாடம். 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா தனியாகச் செய்துமுடிப்பதைக் கண்டுபிடித்தன. அதில் ஒரு குழு அதை எங்கே பிடித்தது தெரியுமா? ஒரு மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில்! இதைப் படித்த அன்று நான் மாடிக்கு ஓடி ஜல்லியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தெரியாதுதான், இருந்தாலும்.

புதுத் தொட்டியில் மீனை விடுவதற்கு முன் இந்தக் குடித்தனத்தை ஏற்படுத்தியாக வேண்டும். ஆய்வகச் சரக்கான அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் நவச்சாரம், 1000 லிட்டருக்கு ஏழெட்டு கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். அது தீரத்தீர மறுபடி போட்டுக் காத்திருக்க வேண்டும். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் என்பார்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறும், ஏறிய இடத்திலேயே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு நாள் மேலே சொன்ன வெளிர்நீலக் காலை. அன்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும்.

இனிமேல்தான் என்னைப் பித்துப்பிடிக்க வைத்த விஷயம்.

இந்த பாக்டீரியாக்கள் வேலை செய்யச்செய்ய அமிலத்தை உண்டாக்குகின்றன. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறினால், தண்ணீரிலிருந்து ஏழு கிராமுக்குச் சற்று மேல் சுண்ணாம்புக் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மை காலி. 32 சதவீதப் புரதமுள்ள தீவனம் தினம் 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன். ஆக ஒரு நாளைக்குச் சுமார் 20 கிராம் சுண்ணாம்புக்கு இணையான காரம் கரைந்துபோகிறது. செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போது கொஞ்சம் திரும்பி வரும், முழுவதும் வராது. தொட்டி நாளுக்கு நாள் புளித்துக்கொண்டே போகும். பி.எச். 6-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியாக்கள் சோம்பிவிடும், அம்மோனியா தேங்கிவிடும். 8-க்கு மேல் போனாலும் ஆபத்து. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூடக் கொடிய வடிவத்தில் இருக்காது. 8-இல் அது ஆறு ஏழு சதவீதம். பாக்டீரியா ஏழரைக்கு மேல் கேட்கிறது, செடி ஆறு போதும் என்கிறது, மீன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 6.8-இலிருந்து 7 வரை வைத்துக்கொண்டால் மூவருக்கும் சம்மதம்.

சரி, புளிப்பை எடுக்க எதையாவது காரமாகப் போட வேண்டும். எதைப் போடுவது? அங்கேதான் இந்த அமைப்பின் அழகு ஒளிந்திருக்கிறது. செடி தண்ணீரிலிருந்து எடுக்கும் தாதுச் சத்துகளில் பெரும்பாலானவை மீன் தீவனத்திலேயே போதுமான அளவு வந்துவிடும். மூன்றுதான் குறையும்: கால்சியம், பொட்டாசியம், இரும்பு. காரமாக்கக் கையில் கிடைப்பவையோ கால்சியம் சேர்ந்த காரமும் பொட்டாசியம் சேர்ந்த காரமும்! தொட்டி புளிக்கும் வேகம்தான் கீரைக்கு எவ்வளவு பசி என்று சொல்கிறது. அந்தப் புளிப்புக்குக் கொடுக்கும் மருந்தே கீரைக்கு இல்லாத சாப்பாடு. கரீபியக் கடலில் செயின்ட் குரோய் தீவிலுள்ள வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி பெரிய அக்வாபோனிக்ஸ் பண்ணை நடத்தி உலகுக்குக் காட்டிய முறை இதுதான்: கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு முறை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அடுத்த முறை, மாற்றி மாற்றி. இவ்வளவு கச்சிதத்தை யாராவது யோசித்துத் திட்டம்போட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

ஹைட்ராக்சைடுகள் கையைப் பொசுக்கும். மாடித் தோட்டத்துக்குப் பொட்டாசியம் பைகார்பனேட் சாதுவானது. வாளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நாளில் பி.எச்.சைத் தூக்கக் கூடாது. கால்சியத்துக்கு நான் நம்புவது கிளிஞ்சலை. வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். தண்ணீர் புளித்தால் கரையும், காரம் போதுமென்றால் சும்மா கிடக்கும். நம்மைக் கேட்கவே கேட்காது. பையோடு வந்த என்னைப் பார்த்து, “கோலம் ஓரத்துல வைக்கவா, வெத்தலைக்குச் சுண்ணாம்பு சுடவாடா?” என்றார் அம்மா. “கீரைக்கும்மா” என்றேன். அதற்குமேல் அவர் விசாரிக்கவில்லை. சமையல் சோடாவும் புளிப்பை எடுக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சோடியத்தைச் செடி தின்னாது, அது வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

மிச்சம் இரும்பு. இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக்குறை. கீழ் இலையின் விளிம்பு கருகினால் பொட்டாசியம். ஆணியையோ கம்பியையோ போட்டுப் பயனில்லை, இந்த பி.எச்.சில் இரும்பு துருவாகிப் படிந்துவிடும். கொடுக்குப்பிடி போட்ட இரும்பு, அதாவது செலேட் இரும்பு வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. வகை ஆறரைக்கு மேல் பிடியை விட்டுவிடும். டி.டி.பி.ஏ. ஏழரை வரை தாங்கும். ஈ.டி.டி.எச்.ஏ. அதையும் தாண்டி நிற்கும், ஆனால் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிவிடும். வந்தவர்கள் மீனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்பது ராக்கோசியின் கணக்கு. 6 சதவீத இரும்புள்ள தூளானால் என் தொட்டிக்கு 33 கிராம். போட்ட சில நாளில் புதுத் தளிர்கள் கரும்பச்சையாக வரும்போது தினம் இரண்டு தடவை போய்ப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

தண்ணீர் எங்கிருந்து? எங்கள் போர் தண்ணீர் எட்டுக்கு மேல் நிற்கும் கடினநீர், அமிலத்தைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் அசையும். மழைநீரிலோ காரத்தன்மை கிட்டத்தட்டப் பூஜ்யம், இரவோடிரவாக பி.எச். சரிந்துவிடலாம். இரண்டையும் கலந்துவிட்டால் பிரச்சினையே இல்லை, போர் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் இலவசம். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஓரிரு நாள் காற்று ஓட்டி வைக்க வேண்டும்.

இப்போது ஐப்பசி நெருங்குகிறது. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் பாத்தி வழியாக மட்டுமே 200 லிட்டர் வெறும் மழைநீர் தொட்டிக்குள் இறங்கும், ஐந்தில் ஒரு பங்கு! கூரைக்குத் தார்ப்பாய் வாங்கியாகிவிட்டது, இரண்டாவது கிளிஞ்சல் பையும் தயார். மழை விட்டதும் தக்காளி வைக்கப்போகிறேன். கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் போதும். காய்க்கும் செடிக்கு 50 முதல் 80 வரை வேண்டும், பொட்டாசியமும் கூடுதலாக. அப்படியானால் மீன்களைக் கூட்டியாக வேண்டும் என்பது என் கட்சி. வீட்டில் மற்ற எல்லோரும் எதிர்க்கட்சி.