குள்ள நெப்போலியனும் யெஸ்ரயேலின் இரத்தப்பழியும்

1910 முதல் புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர், ஐரோப்பாவில் போர் மூண்ட சில வாரங்களில், 1939 அக்டோபரில், ஹிட்லரைக் குறித்து ‘தி டுவார்ஃப் நெப்போலியன்’ என்னும் ஆங்கிலக் கவிதையை இயற்றினார். ‘குள்ள நெப்போலியன்’ என்பது அத்தலைப்பின் பொருள். ஆங்கிலேயனுக்குப் பகைவன் நமக்கு நண்பன் என்று இந்தியர் பலர் எண்ணிய காலம் அது. ஆங்கில ஆட்சியில் சிறைப்பட்டிருந்தவராகிய அரவிந்தரோ அவ்வெண்ணத்திற்கு இடங்கொடாமல், 1940இல் நேச நாடுகளின் போர் நிதிக்கு வெளிப்படையாக நன்கொடை அளித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சிந்திய ஆளுநர் போன்வேன் டி கோலின் சுதந்திர பிரான்சுடன் இணைந்தார். கவிஞரின் தெளிவு போற்றத்தக்கது. எனினும் கவிதையின் இறையியல் நம் ஆய்வுக்குரியது.

அக்கவிதையில் ஹிட்லர் சிறுமதியாளன். அவனைத் தாங்கி நிற்பது ஓர் அசுர சக்தி. மக்களினங்கள் அஞ்சி நடுங்குகின்றன. முடிவில் அவனை வீழ்த்தவேண்டியது அவனினும் பெரிய பேய் அல்லது இறைவனின் இடி. மேலே அசுரனும் ஆண்டவனும். கீழே நடுங்கும் மாந்தர். ஆயின், அக்குள்ளனுக்குக் கைகொடுத்தோர் எங்கே?

இவ்வினாவிற்கு 1934 ஜூன் 30 விடை பகர்கிறது. அன்று ஹிட்லர் தன் கட்சியின் புயற்படைத் தலைவன் ரோமைச் சிறைப்பிடித்து மறுநாள் கொல்வித்தான். பழைய தோழன் கிரெகோர் ஸ்டிராசர், முன்னாள் பிரதமர் ஷ்லைக்கர், அவர் மனைவி, கத்தோலிக்கப் பொதுநிலையினர் தலைவர் கிளாவ்செனர் ஆகியோரும் மாண்டனர். எழுபத்தேழு பேர் இறந்ததாக ஹிட்லரே அறிவித்தான். உறுதியாக அறியப்பட்ட தொகை அதனினும் மிகுதி. கொன்றவர் எஸ்.எஸ். படையினர், ஆயுதம் உதவியது இராணுவம். ஜூலை 3இல் அமைச்சரவை ஒரே விதி கொண்ட சட்டத்தால் கொலைகளை நியாயமாக்கியது. முதிய குடியரசுத் தலைவர் இன்டன்பர்க் நன்றித் தந்தி விடுத்தார். சட்டப் பேராசிரியர் கார்ல் ஷ்மிட் ‘தலைவரே நீதியைக் காக்கிறார்’ என்னும் கருத்தில் கட்டுரை வரைந்தார். இவர்களுள் எவரையும் அசுரன் ஆட்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மேசையில் அமர்ந்து, தத்தம் பேனாவால் கையொப்பமிட்டனர்.

திருமறை இதனை நன்கறியும். 2 இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில் யெகூ தன் கையால் ஆகாபின் குமாரரைக் கொல்லவில்லை. சமாரியாவின் மூப்பருக்கு நிருபம் எழுதுகிறான். அவர்கள் எழுபது தலைகளைக் கூடைகளில் அனுப்புகின்றனர். மறுநாள் காலை அவன் வாசலில் நின்று, இவர்களைக் கொன்றவர் யார் என்று வினவுகிறான். தான் ஏவிய கொலையில் அனைவரையும் பங்காளராக்குவதே களையெடுப்பின் தந்திரம். யெகூ தீர்க்கதரிசியால் அபிஷேகம் பெற்றவன். மாண்டதோ கொடிய அரசகுலம். ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின்பின் ஓசியா 1:4 அவ்விரத்தத்தை யெகூவின் வீட்டாரிடமே விசாரிக்கிறது. மாண்டவன் தீயவன் என்பதால் இரத்தப்பழி நீங்குவதில்லை.

இவ்வளவுகோலைத் திருச்சபையின்மீதும் வைத்தல் வேண்டும். 1934 மே இறுதியில் பார்மனில் கூடிய ஜெர்மானிய நற்செய்திச் சபையினர் அறிக்கை வெளியிட்டனர். அரசின் பணி நீதியையும் சமாதானத்தையும் பேணுதல் என்றும், அரசு மனித வாழ்வின் ஒரே முழுமையான ஒழுங்காதல் தகாது என்றும் அதன் ஐந்தாம் கூற்று உரைத்தது. ஒரு திங்களுக்குள் சோதனை வந்தது. அவர்கள் பொதுவில் கண்டனம் எழுப்பவில்லை. கத்தோலிக்க ஆயர்களும் கிளாவ்செனருக்காகக்கூடப் பொதுவில் குரலெழுப்பவில்லை. ரோம் கொடியவன், ஒழுக்கங்கெட்டவன் என்னும் பேச்சு மௌனத்திற்குப் போர்வையாயிற்று. ஆகஸ்டு 2இல் இன்டன்பர்க் இறந்தவுடன் இராணுவம் ஹிட்லரின் பெயரால் ஆணையிட்டது. ரோமின் இடத்திற்கு இம்லரின் எஸ்.எஸ். உயர்ந்தது. தீயவர் தீயவரைத் தின்றதால் தீமை குறையவில்லை; ஒழுங்குபட்டது.

ஆகவே, அசுரனைச் சுட்டும் கவிதை நமக்கு எச்சரிக்கையாகலாம். மனந்திரும்புதலுக்கு அது போதாது. அசுரன் கையொப்பம் கேட்பதில்லை, யெகூ கேட்கிறான். அந்நிருபம் வந்தபோது சமாரியாவின் மூப்பர் ‘நாங்கள் உமது ஊழியர்’ என்றனர். நாம் வெறுப்பவர் ஒருவர் விசாரணையின்றி மாளும் நாளிலேயே அந்நிருபம் நம் கைக்கு வருகிறது. அந்த ஞாயிறன்று அவ்விரத்தத்தைக் குறித்து வினவாத பிரசங்கபீடம், அதன்பின் எந்த இரத்தத்தைக் குறித்து வினவும்?